டியர்னி நடை

கேவன் ஊரில் மாட்டுத் தரகர் மகனாகப் பிறந்த மலக்கி டியர்னி, டப்ளினில் படித்துப் பிரசவ டாக்டராகத் திரும்பியவர். அவர் கையில் ஒரு தாயும் செத்ததில்லை. அந்தப் பெருமை அவர் தலைக்கேறிவிட்டது.

குழந்தை சிக்கிக்கொண்டால் மற்ற டாக்டர்கள் வயிற்றைக் கிழித்து எடுப்பார்கள். டியர்னிக்கு அது ஆகாது. மூன்று தடவைக்கு மேல் கிழிக்க முடியாது. அப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் கர்ப்பத்தைத் தடுக்க வழி தேடுவார்கள். திருச்சபைக்கு அது பாவம். ஆகவே இடுப்பெலும்பையே முன்பக்கம் பிளந்துவிடுவார். வழி அகன்றால் பத்துப் பிள்ளை பெறலாமே! விழித்திருக்கும் பெண்ணை நர்சுகள் அமுக்கிப் பிடிக்க, ரம்பத்தால் அறுப்பார். சம்மதம் கேட்டதில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பிளக்கப்பட்ட பெண்கள் வாத்து போல அசைந்து நடந்தார்கள். தெருப் பிள்ளைகள் அதற்கு 'டியர்னி நடை' என்று பெயர் வைத்து நடந்து காட்டிச் சிரித்தார்கள். டாக்டர் காதிலும் விழுந்தது. உயிரோடுதானே நடக்கிறார்கள் என்றார்.

ஒரு குளிர்காலத்தில் டிம்ப்னா கஃப்னி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவள் அக்காவும் அந்த நடை நடப்பவள்தான். ரம்பத்தைக் கண்டதுமே டிம்ப்னாவுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் டாக்டர். எங்கக்கா ஒண்ணுக்குக்கூட அடக்க முடியாம கெடக்கறா. என் வயித்தக் கிழிச்சு எடுங்க."

"இன்னும் ஒம்பது பெத்துட்டு வந்து எனக்கு நன்றி சொல்லுவ. வாய மூடு."

அவள் உதைத்தாள். குதிகால் பட்டு அவர் மூக்கு உடைந்தது. அவர் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்து, காலைக் கட்டச் சொன்னார். கட்டிய நர்சின் மணிக்கட்டை டிம்ப்னா சதை பிய்யக் கடித்தாள். டியர்னியின் கை ஒரு கணம் தயங்கியது. வயிற்றைக் கிழிக்க இன்னும் நேரம் இருந்தது. ஆனால் ஆத்திரம் கண்ணை மறைத்தது. மூக்கு ரத்தம் அவள் தொடையில் சொட்டச் சொட்ட அறுத்தார். எலும்பு விலகிய சத்தம் கதவுக்கு வெளியே கேட்டது. குழந்தை பிழைத்தது.

பிள்ளை பெற்றவள் மெழுகுவர்த்தியோடு பீடத்தின் முன் மண்டியிட்டு ஆசி வாங்க வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், டிம்ப்னா தடி ஊன்றி அசைந்து அசைந்து வந்தாள். முன்வரிசையில் டியர்னி கண்மூடி மண்டியிட்டிருந்தார். பாதிரியார் அவளை மண்டியிடச் சொன்னார்.

"முடியாது சாமி," என்றாள். "ஏன்னு அவருகிட்ட கேளுங்க."

பாதிரியார் திரும்பிப் பார்த்தார். கோயிலே பார்த்தது. திருச்சபைக்காகத்தான் என்று சொல்ல டியர்னி வாயெடுத்தார். அவள் தடியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். எழுந்து போகாமல் மண்டியிட்டபடியே இருந்தார்.