பதினோரு ஹெல்மெட்டும் ஒரு மூஞ்சியும்

நடந்த கதைதான் சொல்றேன். சாமி சத்தியமா நடந்த கதை, ஒரு சொட்டு கூட சேர்க்கல. சரி சரி, தேத்தண்ணிக் கடை ஷம்சுதீன் பாய் கல்லாவுல இருந்து மொறைக்கிறாரு, ஒரு சொட்டு சேர்த்திருப்பேன். என் வாயில தூறல் பூந்தா வெள்ளமாத்தான் வெளிய வரும். பத்துன்னு சொன்னா நீங்க மூணுன்னு எடுத்துக்குங்க. ஆனா அந்த மூணு கலப்படம் இல்லாத மூணு லா.

குழந்தைவேலு அண்ணனுக்கு எதையும் தட்டிப் பாக்கணும். பீடோங் பசாருக்குப் பின்னால மோட்டார் சைக்கிளுக்கும் காடிக்கும், அதான் காருக்கும், சாயம் அடிக்கிற பட்டறை அவரோடது. பக்கத்துல டயர் ஒட்டுற கடை என்னோடது. குணாளன் கடைன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க, காட்டிட்டு சிரிப்பாங்க. ஒரு காடி வந்து நின்னா அண்ணன் மொதல்ல விரல் முட்டிய மடக்கி கதவுல டொக் டொக்னு தட்டுவாரு. காத கிட்ட வச்சு கேப்பாரு. "இங்க இரும்பு. இங்கயும் இரும்பு. ஆங், இங்க டெம்புல்." டெம்புல்னா நெளிஞ்ச எடத்துல அப்பி மூடுற மாவு. மேல சாயம் அடிச்சிட்டா யார் கண்ணுக்கும் தெரியாது. அண்ணன் முட்டிக்குத் தெரியும்.

இந்தப் பழக்கம் பட்டறையோட நின்னா பரவால்ல. பொண்ணு பாக்கப் போன வீட்டுல மாமனாரோட அலமாரிய தட்டிட்டு, "இது பலகை இல்லீங்க, அட்டை"ன்னு சொன்ன ஆளு. அப்பவும் பொண்ணு குடுத்தாங்கன்னா அந்தப் பொண்ணோட தைரியத்துக்கே ஒரு மாலை போடணும்.

அவரு மோட்டார பாத்திருப்பீங்க. பாக்காம இருக்க முடியாது. கலந்த சாயம் சரியா வந்திருக்கான்னு பாக்க தன் மோட்டார்லதான் அடிச்சிப் பாப்பாரு. முன்னால மட்கார்டு பச்சை, பின்னால ஊதா, விளக்குப் பக்கம் மஞ்சள், சைடு ரெண்டும் ரெண்டு மாதிரி செகப்பு. தூரத்துல இருந்து பாத்தா கோயில் கோபுரம் உருண்டு வர்ற மாதிரி இருக்கும். மக காஞ்சனா சுங்கை பட்டாணியில காலேஜ் படிக்கிது. தெனம் காலையில அந்தக் கோபுரத்துலதான் போகும். ஆனா காலேஜ் கேட்டுக்கு முன்னாடி பஸ் நிக்கிற எடத்துல எறங்கிடும். "இங்கயே போதும்பா, நான் நடந்துக்கிறேன்." அண்ணன் ஒன்னும் கேக்க மாட்டாரு. எங்கிட்ட மட்டும், "மோட்டாருக்கு ஒரே கலரா அடிச்சிரலாமா குணாளா?"ன்னு கேப்பாரு. அடிக்க மாட்டாரு.

மத்தபடி அவரு சந்தோசம் எல்லாம் இந்தக் கடையிலதான். வேல முடிஞ்சா வருவாரு, நாற்காலிய ரெண்டு கால்ல நிக்க வச்சு பின்னால சாய்வாரு, கிறீச்னு சத்தம் வரும், அதுக்கப்புறம்தான் பாலில்லாத தே ஓ தொண்டையில எறங்கும். பாய் கடையில நூறு நாற்காலி முதுகு உடைச்சிருக்காரு.

"மூணு," ன்னாரு பாய் கல்லாவுல இருந்து.

சரி, மூணு.

மூணு மாசம் முந்தி ஒரு சனிக்கெழம காலேஜ் புள்ளைங்க நாலு பேரு பட்டறைக்கு வந்து நின்னாங்க. பின்னால காஞ்சனா, மூஞ்சி வெளுத்துப் போயி. வேணாம் வேணாம்னு தடுத்துப் பாத்து தோத்துப் போயி வந்திருக்குன்னு பாத்தாலே தெரிஞ்சிச்சி. திவாகரன்னு ஒரு பையன் முன்னால வந்தான்.

"அங்கிள், நீங்க டிசைனர்னு காஞ்சனா சொன்னிச்சி. எங்க நாடகத்துல அவதான் கோமாளி. மேக்கப் நீங்கதான் டிசைன் பண்ணித் தரணும். உங்க ஸ்டூடியோ இதானா?"

ஸ்டூடியோவுல அப்ப ஒரு காடியோட பம்பர் தொங்குது. டிசைனர் கையில உப்புத்தாளு, தலையில இருந்து கால் வரைக்கும் செகப்புத் தூளு. அண்ணன் மகளப் பாத்தாரு. மக தரையப் பாத்துச்சி. நான் ரெண்டு பேரையும் பாத்துட்டு, தண்ணியில முக்கின டியூப்ப எடுக்க மறந்துட்டேன்.

"ஆமா தம்பி," ன்னாரு அண்ணன். "டிசைனர்தான்."

மக விட்ட ஒரு பொய்ய உண்மையாக்குற வேல அந்த நிமிசம் அவரு தலையில விழுந்துச்சி. இல்லன்னா காலேஜ் முழுக்க அந்தப் புள்ள பொய்காரி.

என்ன மாதிரி கோமாளின்னு அண்ணன் கேட்டாரு. அதுக்கு திவாகரன் சொன்ன பதில இன்னிக்கி வரைக்கும் என்னால செரிக்க முடியல. "சர்க்கஸ மூடிட்டாங்க அங்கிள். அது தெரியாம ஒரு கோமாளி காலிக் கூடாரத்துல ஆட்டம் காட்டிட்டே இருக்கு. அந்த மூஞ்சி சிரிக்கவும் கூடாது, அழுவவும் கூடாது. ஆனா பாக்குறவங்களுக்கு ரெண்டும் தெரியணும்."

அண்ணன் அத ஒரு சிகரெட் அட்டையில எழுதிக்கிட்டாரு. சாயங்காலம் கடைக்குக் கொண்டாந்து எல்லார்கிட்டயும் காட்டினாரு. பாய் படிச்சாரு. கடை முன்னால பூ கட்டுற பிரேமாவதி அக்கா படிச்சாங்க. அக்கா சொன்னாங்க, "எங்க வீட்டுக்காரரு சம்பளத்தன்னிக்கி இப்பிடித்தான் இருப்பாரு, அவரப் பாத்து வரைங்க." பாய், "ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை, நடுவுல கோடு போட்டுருங்க, ஏக்கர் பிரிக்கிற மாதிரி"ன்னாரு. நான் சொன்னத இங்க சொல்ல முடியாது, பொம்பளைங்க இருக்காங்க. அண்ணன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு, வந்தப்ப இருந்தத விட ரெண்டு மடங்கு கொழம்பிப் போயி வீட்டுக்குப் போனாரு.

மறுநாளு பழைய ஹெல்மெட்டா தேடிச் சேக்க ஆரம்பிச்சாரு. மூஞ்சியும் உருண்டை, ஹெல்மெட்டும் உருண்டை, அதான் கணக்கு. ஒவ்வொன்னா தட்டிப் பாத்து, தேச்சி, வெள்ளை அடிச்சி, மேல கோமாளி. இளிக்கிற கோமாளி, மொறைக்கிற கோமாளி, பல்லு வலிக்கிற மாதிரி ஒன்னு, மாமியாரப் பாத்த மாதிரி ஒன்னு. ஆயிரம் ஹெல்மெட்டு!

"பதினொன்னு," ன்னாரு பாய்.

பதினொன்னு. பட்டறை வாசல்ல கம்பியில வரிசையா தொங்குது. மோட்டார் எடுக்க வந்த ஒரு மலாய்க்கார அம்மா, "யா அல்லா"ன்னுட்டு மோட்டார எடுக்காமலே போயிருச்சி. ஒரு சீனத் தாத்தா நின்னு நிதானமா பாத்துட்டு பேரப் புள்ளைங்களுக்கு மூணு வேணும்னு கேட்டாரு. அண்ணன், "விக்கிறது இல்ல, டிசைனு"ன்னாரு. அந்த வார்த்தைய சொல்லிப் பழகுறாருன்னு எனக்குப் பட்டுச்சி.

பதினோராவது ஹெல்மெட்ட எடுத்துக்கிட்டு ஒத்திகைக்குப் போனாரு. அதுல இருந்த மாதிரியே காஞ்சனா மூஞ்சில போட்டாரு. காதுல இருந்து காது வரைக்கும் பெரிய செகப்புச் சிரிப்பு, பளபளன்னு, புதுக் காடி மாதிரி. ஒரு சுருக்கம் இல்ல, ஒரு வழிசல் இல்ல. புள்ள பேசுற வரைக்கும் எல்லாம் அழகு. கடைசிக் காட்சியில கூடாரம் காலின்னு தெரிஞ்சி அந்தக் கோமாளி ஒடையணும். காஞ்சனா ஒடைஞ்சிச்சி. ஆனா அந்தச் செகப்பு வாயி கன்னத்துல மேலயும் கீழயும் பல்லி மாதிரி ஓடுது! சோகமான எடத்துல புள்ளைங்க எல்லாம் வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்கிறாங்க.

நாடகத்தப் பாத்துக்கிற மேடம் நல்ல மனுசி. மரியாதையாத்தான் கேட்டாங்க. "அங்கிள், இதுக்கு முன்னாடி எந்த நாடகத்துக்கு டிசைன் பண்ணிருக்கீங்க?"

எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. அண்ணன்தான், "ஒரு வாரம் குடுங்கம்மா"ன்னாரு. ஒரு வாரத்துல சரியா வரலன்னா பினாங்குல இருந்து வேற ஆளக் கூட்டியாறதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வர்ற வழி முழுக்க அப்பனும் மகளும் ஒரு வார்த்த பேசலியாம். மோட்டார்தான் பேசிச்சாம்.

ரெண்டு நாள் கழிச்சி அண்ணன் என் கடைக்கு வந்து, நான் ஒட்டிட்டிருந்த டயர தட்டிட்டே நின்னாரு.

"ஹெல்மெட்டு சிரிக்காது குணாளா. அதான் தப்பு."

"எப்பிடிண்ணே சிரிக்கும், உள்ள தல இல்லியே!"

அவரு சிரிக்கல. "காடியில எங்க நெளிவு இருக்குன்னு எனக்குத் தெரியும். எம் புள்ள சிரிச்சா மூஞ்சி எங்க மடியுதுன்னு தெரியல. இருவது வருசமா பாக்குறேன், தெரியல. எங்கிட்ட அது சிரிச்சி எத்தன நாளாச்சோ. நீ வா. ஜோக் சொல்லு. அது சிரிக்கட்டும், நான் கோடு போட்டுக்கிறேன்."

உலகத்துலயே கோமாளிக்கு சிரிப்புக் காட்ட கூப்பிடப்பட்ட ஒரே ஆளு நான்தான், குறிச்சி வச்சிக்குங்க. ஞாயித்துக்கெழம பட்டறையில காஞ்சனா ஒரு பெயிண்டு டின்னு மேல உக்காந்துச்சி. அண்ணன் முகத்துல வரையிற பென்சில வச்சிக்கிட்டு முன்னால நின்னாரு. நான் ஆரம்பிச்சேன். நாப்பது ஜோக்! பேங்குல கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொண்ணு சிரிக்குமே, அந்தச் சிரிப்புதான் வந்துச்சி. பல்லு மட்டும். என் வாழ்க்கையிலயே இப்பிடி அவமானப்பட்டது இல்ல. கடைசியில நாப்பத்தி ஒன்னாவது ஜோக் சொன்னேன் பாருங்க, புள்ள விழுந்து விழுந்து...

"டேய் குணாளா!" பாய் கல்லாவ விட்டே எறங்கி வந்துட்டாரு. "அன்னிக்கி தே கொண்டாந்தவன் நானு. உன் ஜோக்குக்கு என் தேயே ஆறிப் போச்சி. பொய் சொன்னா வயிறு வீங்கும்டா."

சரி, நடந்தத சொல்றேன். அண்ணனுக்கு ஒன்னும் ஓடல. மகளோட மூஞ்சியவே பாத்துட்டு நின்னவரு, என்ன செய்யிறோம்னு தெரியாமலே முட்டிய மடக்கி புள்ள நெத்தியில டொக் டொக்னு ரெண்டு தட்டு தட்டி, காத கிட்ட கொண்டு போயிட்டாரு.

"அப்பா! நெத்தியில டெம்புல் இல்லப்பா!"

சிரிப்புன்னா அதான் சிரிப்பு. மொதல்ல எடப்பக்கம் மட்டும் ஏறுது, எடக்கன்னத்துல ஒரு குழி விழுது, வலப்பக்கம் அப்பிடியே நின்னு யோசிக்கிது. மூக்கு சுருங்குது. அப்பறம் அந்தப் புள்ள, சிரிச்சிட்டே, "டெம்புலு நெத்தியில இல்லப்பா. வாயிலதான் வச்சிருந்தேன். டிசைனர்னு சொல்லி"ன்னுச்சி. கண்ணு ரொம்பிருச்சி. சிரிப்பும் போகல.

"அசையாத," ன்னாரு அண்ணன். "அப்பிடியே இரு. கோடு போடறேன்."

எடக்கன்னத்துல குழியச் சுத்தி ஒரு கோடு. கண்ணுக்குக் கீழ மடியிற எடத்துல ஒன்னு. வலப்பக்கம் ஒன்னுமே இல்ல. கோடு போட்டு முடிச்ச கையோட பழைய ஹெல்மெட்டு பதினொன்னையும் கழட்டி மூலையில கவுத்துட்டாரு.

நேத்து மத்தியானம் நாடகம். பாயும் அக்காவும் கடைய விட்டு வர முடியல, நான் போனேன். மண்டபத்துல பத்தாயிரம் பேரு, நீங்க மூவாயிரம்னு வச்சிக்காதீங்க, முந்நூறுன்னு வச்சிக்குங்க. கையில குடுத்த தாளுல 'ஒப்பனை வடிவமைப்பு: குழந்தைவேலு'ன்னு அச்சடிச்சிருந்துச்சி. அண்ணன் அந்த எடத்துல அச்ச தட்டிப் பாத்தத என் கண்ணால பாத்தேன். கடைசிக் காட்சியில காஞ்சனா மேடையில போட்டிருந்த காலி நாற்காலிங்களப் பாத்து நின்னுச்சி. மெல்லிசா வெள்ளை, எடப்பக்கம் மட்டும் ஒரு செகப்புக் கோடு. அது அசைஞ்சிச்சி. பாதிப் பேரு சிரிச்சாங்க, பாதிப் பேரு மூச்சு விடல. நான் எந்தப் பாதின்னு எனக்கே வெளங்கல. சிரிச்சிட்டிருந்தேன், சட்டைக் காலரு நனைஞ்சிருந்துச்சி.

முடிஞ்சி வெளிய வந்தா, அந்தக் கோபுர மோட்டார் காலேஜ் கேட்டுக்கு நேரா நிக்கிது. பஸ் நிக்கிற எடத்துல இல்ல, கேட்டுல! காஞ்சனாதான் அங்க கொண்டாரச் சொல்லிச்சாம். மூஞ்சிய கழுவல. கோமாளி மூஞ்சியோடவே, எல்லாப் புள்ளைங்களும் பாக்க, ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு பின்னால ஏறிச்சி. பீடோங் பசார் நடுவுல இந்தக் கடையத் தாண்டித்தான் போனாங்க. சிரிச்சிக்கிட்டு போச்சி பாருங்க அந்தப் புள்ள...

"சிரிச்சிச்சா?" பிரேமாவதி அக்கா பூவக் கீழ வச்சாங்க. "அழுதுக்கிட்டு போச்சி தம்பி. நான் வாசல்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"சிரிச்சிச்சி லா," ன்னாரு பாய். "பல்லு தெரிஞ்சிச்சி."

"அழுதாலும் பல்லு தெரியும் பாய். உங்க கண்ணாடிய மொதல்ல தொடைங்க!"

"என் கண்ணாடிய விடு. வரைஞ்ச கோட்டப் பாத்துட்டு பேசுற நீயி!"

"நான் கண்ணப் பாத்தேன்! நீங்க கோட்டப் பாத்தீங்க!"

மூலை மேசையில ரொட்டி சானாய் தின்னுட்டிருந்த லாரிக்காரரு, யாருன்னே தெரியாது, "ரெண்டும் இல்ல, அந்தப் பொண்ணு தூங்கிட்டுப் போச்சி"ன்னு ஒன்ன எடுத்து விட்டாரு. கடையே எந்திரிச்சிருச்சி. ஒருத்தரு மேசைய குத்துறாரு. அக்கா, "எங்கிட்ட இனிமே பூ கேக்காதீங்க"ன்னு பாய்க்கிட்ட சொல்றாங்க. பாய், "எங்கிட்ட இனிமே தே கேக்காத"ன்றாரு.

அந்த நேரம் பாத்து குழந்தைவேலு அண்ணன் உள்ள வந்தாரு. நேத்து போட்டிருந்த அதே நீலச் சட்டை. எல்லாரும் ஒரே வாயா, "அண்ணே, புள்ள அழுதுச்சா சிரிச்சிச்சா?"

"நான் முன்னால பாத்துல்ல ஓட்டினேன்," ன்னாரு. தே ஓ வாங்கிக்கிட்டு என் பக்கமா திரும்பினாரு.

அப்பத்தான் சட்டை முதுக பாத்தேன். தோளுக்குக் கீழ உள்ளங்கை அளவுக்கு வெள்ளைச் சாயம், அதுல மேல வளைஞ்ச ஒரு செகப்புக் கோடு. ஒரு கன்னம் அழுத்திப் படுத்திருந்த தடம்.

பின்னால சண்டை கூரைய தூக்குது. அண்ணன் நாற்காலிய இழுத்துப் போட்டாரு. சாயல. முதுகு எதுலயும் படாம, நாற்காலி நுனியில நேரா உக்காந்து, தேய ஊதி ஊதிக் குடிச்சாரு.