மீட்டிங்கில் தெரிந்த என் முதுகு

ஓய்வு நேரத்தில் நான் ஓர் இலவச மென்பொருளைத் தமிழாக்குகிறேன். அதற்கு உழைப்பவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்த இன்று ஆன்லைன் மீட்டிங். முதலிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனி கேன்டீனிலிருந்து சேர்ந்துகொண்டேன்.

அடுத்துப் பேச வந்தவர் கயல். 'சேவ்' பட்டனுக்கு நான் 'சேமி' என்று போட்டால் 'பதி' என்று மாற்றிவிடுபவர். வருஷக்கணக்காக எங்களுக்குள் இங்கிலீஷில் சண்டை.

திரையில் அவருக்குப் பின்னால் ஒரு முதுகு தெரிந்தது. சட்டை என்னுடையது.

திரும்பினேன்.

"ஏனுங்க, அந்தச் 'சேமி' நீங்கதானுங்களா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க இங்கயா வேலை செய்யறீங்க?"

"செக்கிங் செக்‌ஷனுங்க."

எங்களை இணைத்துவைத்த மகிழ்ச்சியில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் கைதட்டினார்.

நீங்க ஆன்லைன்ல சண்டை போடறவங்க எந்த டேபிள்ல சாப்பிடறாங்கன்னு திரும்பிப் பாத்தீங்களா?