பிராங்க்ளின் சாத்தானை விட்ட கதை

தென்னூரில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தின் ரெக்கார்டு அறையில் வேலை பார்க்கும் பிராங்க்ளினுக்கு, போன வருடம் ஒரு பயிற்சி வகுப்பில் அறுபது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார்கள். பதில்களைக் கூட்டிப் பார்த்து, அவர் எந்த வகை ஆள் என்று நாலு ஆங்கில எழுத்தில் எழுதித் தந்தார்கள். முதல் எழுத்துக்கு இன்ட்ரோவெர்ட், அதாவது தனிமை விரும்பி, என்று அர்த்தம். தாளை லேமினேட் செய்து பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தார்.

"இனிமே விசேஷம் அது இதுன்னு கூப்பிடாத கேத்தி. என் டைப்பே இதுதான்."

மனைவி கேத்தரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வராத இடத்துக்கெல்லாம் தனியாகப் போய்ப் பொய் சொன்னவள் அவள்தான். அவருடைய தங்கை பேட்ரிசியாவின் புது வீட்டைச் சாமியார் மந்திரித்த அன்று அவருக்குச் சிக்குன்குனியா. வளைகாப்புக்கு ஆபீசில் ஆடிட். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வண்டி பஞ்சர். ஆனால் அவள் போய் இறங்கியதே அந்த வண்டியில்தான்.

"பாக்கியநாதன் அண்ணனும்தான் பேசாத ஆளு," என்றாள். பாக்கியநாதன் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரர். "கல்யாணத்துக்கு வர்றாரு, முதல் பந்தியில சாப்பிடறாரு, கவரக் குடுத்துட்டு இருபது நிமிஷத்துல கிளம்பிடறாரு. போய் நிம்மதியா தூங்குவாரு. நீங்க போகாம வீட்ல உக்காந்துகிட்டு, யாரு என்ன நெனச்சாங்கன்னு மூணு நாளு புழுங்கறீங்க. தனியா இருக்கப் புடிச்சவன் இப்படியா இருப்பான்? உங்களுக்குப் போகணும்னுதான் இருக்கு. பயம். அதுக்கு அந்தத் தாள்ல எழுத்து கெடையாது."

பிராங்க்ளின் பீரோவைச் சாத்தினார்.

இந்த நிலையில்தான் பேட்ரிசியா வந்தாள். ஒன்பது வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம், அண்ணன்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்றாள்.

"என் வீட்டுக்கு நீ வந்ததில்ல. அது பரவால்ல. இதுக்கும் வரலைன்னா இனிமே உன்னைய எதுக்கும் கூப்பிட மாட்டேண்ணா. கோவத்துல சொல்லல. எனக்கும் அலுத்துப்போச்சு."

பிராங்க்ளின் சரி என்றார். அதற்குப் பிறகு மூன்று வாரம் குளியலறையிலிருந்து ஒரே சத்தம். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்பார். "விட்டுவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தார்.

"நம்ம ஷெர்லின் ஞானஸ்நானத்துல நான் மட்டும்தான் விட்டேன்," என்றாள் கேத்தரின் வெளியிலிருந்து. "நீங்க வாயே தெறக்கல. பதினோரு வருஷமா வச்சிருக்கீங்க. இப்பவாவது விடுங்க."

ஞாயிறு காலை எதிர்பார்த்தபடியே அவருக்கு வயிறு வலித்தது. முகம் வெளுத்திருந்தது, உள்ளங்கை வேர்த்திருந்தது. வலி பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

"பேட்ரிசியாகிட்ட ஏதாவது சொல்லிடேன்."

"என்கிட்ட பொய் தீந்துபோச்சுங்க. நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க." கைபேசியை அவர் மடியில் வைத்துவிட்டு மகள் ஷெர்லினுக்குத் தலை பின்னப் போனாள்.

பிராங்க்ளினுக்குக் கோயிலில் பேசுவதைவிடப் போனில் பேசுவதுதான் பயம். தங்கையின் பெயரைத் திரையில் எடுத்தார். அண்ணா என்பாள், என்ன சொல்வது? அழுதுவிட்டால்? கால் மணி நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். போன் பண்ணுவதைவிட அது சுலபமாக இருந்தது.

பாலக்கரைக் கோயிலில் இரண்டாம் பூசை முடிந்தும் கூட்டம் கலையவில்லை. சாமியார் கேட்டார். பிள்ளையைப் பெற்றவர்களும் ஞானத்தாயும் ஒரே குரலில் சொல்லி முடித்தார்கள். எல்லோரும் சேர்ந்துதான் சொல்வார்கள் என்பது பிராங்க்ளினுக்கு நினைவிலேயே இல்லை. அவருடைய "விட்டுவிடுகிறேன்" நான்கு விநாடி தாமதமாக, உடைந்த குரலில், மைக்குக்கு நேராகத் தனியாக வந்தது. கோயில் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இத்தனை வருடம் எதற்குப் பயந்தாரோ, அதுவேதான் நடந்தது. சாமியார் அடுத்த கேள்விக்குப் போனார். பிள்ளை கொட்டாவி விட்டது.

விருந்தில் பேட்ரிசியா அவர் இலையில் இன்னொரு துண்டு கறி வைத்தாள். "நல்லாக் கேட்டுச்சுண்ணா," என்றாள். அவர் சாப்பிட்டார், ஏழெட்டு பேருக்குத் தலையாட்டினார், பிள்ளையைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்தார். அரை மணி நேரத்தில் முகம் களைத்துவிட்டது.

"கேத்தி, கிளம்பவா? பயமெல்லாம் இல்ல. போதும்னு இருக்கு."

கேத்தரின் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். வேர்க்கவில்லை.

"போங்க. இதுதான் அந்த நாலு எழுத்து. நாங்க ஆட்டோவுல வந்துக்கறோம்," என்றாள். அவர் வண்டியை எடுத்த பிறகுதான் வீட்டுச் சாவி தன் பையில் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. போன் பண்ணினாள். அவர் எடுக்கவில்லை.