மூட்டத்துக்குள் வந்த இரண்டாவது சரணம்

நாலு பையன்கள், மினுமினுக்கும் சட்டை, கண்ணை மறைக்கும் முடி. என் இளமையில் டி.வி.யைப் போட்டால் அவர்கள்தான். அந்தக் குழு ஒரே ஒரு பாட்டில் பேர் வாங்கியது, அப்புறம் ஆளையே காணோம். பாட்டில் நிலா, ரோஜா, டெலிபோன் எல்லாம் உண்டு, அர்த்தம் மட்டும் கிடையாது. எனக்கு அது உயிர். இன்றைக்கும் காப்பிச் செடிகளுக்கு நடுவே அதைத்தான் முணுமுணுப்பேன்.

"அந்தக் கருமத்தை நிறுத்துங்க, காது வலிக்குது" என்பாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து இதையேதான் சொல்கிறாள்.

மலைமேல் தலைச்சோலையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பி. போன தை மாதம் இருவரும் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று பனிமூட்டம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. அவள் கீழ்ச் சரிவில் இருந்தாள். அதற்கும் கீழே பாறைப் பள்ளம்.

எங்கள் பக்கம் மூட்டத்துக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டாலும் பதில் வராது. கூப்பிடுவது மனுசன்தானா என்று யார் கண்டது? விசில்தான் வழக்கம். அன்றைக்குப் பயத்தில் உதட்டைக் குவித்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. புத்தி கெட்டுப்போய் அவள் பேரைச் சொல்லிக் கத்திவிட்டேன், இரண்டு முறை. பதில் இல்லை. பேயென்று பயந்து வாயை மூடிக்கொண்டாளா, பள்ளத்தில் விழுந்துவிட்டாளா?

அப்போதுதான் அந்தப் பாட்டை எடுத்தேன். என்னைத் தவிர எந்தப் பேயும் அதைப் பாடாது. பல்லவி முடிந்தது, முதல் சரணமும் முடிந்தது. இரண்டாவது சரணத்தில் வரி மறந்து நின்றுவிட்டேன்.

கீழே இடது பக்கத்திலிருந்து அடுத்த வரி வந்தது. அதற்கடுத்த வரியும் வந்தது. நாலு பையன்களும் மாறிமாறிப் போடும் "யே யே" கூட ஒன்று விடாமல், சுருதி சுத்தமாக. இத்தனை வருசம் ஒரே ஊட்டில் இருந்தும் அவள் பாடி நான் கேட்டதில்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே செடி செடியாக இறங்கினேன்.

கணுக்கால் பிசகி, பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஓரடி வைத்திருந்தால் முடிந்திருக்கும்.

"பிடிக்காதுன்னு சொன்னியே" என்றேன்.

"பாட்டு நொம்பப் பிடிக்குமுங்க. நீங்க பாடறதுதான் தாங்க முடியாது."