குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் எங்கள் டிஃபென்ஸ் காலி

ஊர்க் கால்பந்து டீமுக்குக் கோச்சாக இருப்பவனுக்குப் பந்தைப் பற்றி அதிகம் தெரிய வேண்டியதில்லை. எந்த ஆள் எந்த நேரத்தில் எங்கே இருப்பான் என்று தெரிந்தால் போதும். எனக்கு அது மட்டும்தான் தெரியாது. தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறக்கும் வரைக்கும், ஞாயிறு முழுக்கவும் கோச். உங்களில் யாராவது கோயில் கொடை விழாவுக்கோ பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கோ ஆள் திரட்டும் பொறுப்பை வாங்கிக்கொண்டு, கடைசியில் நாற்காலியையும் தானே தூக்கிப் போட்டவராக இருந்தால் கொஞ்சம் உட்கார்ந்து இதைப் படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

நாலு இடம், எட்டு ஆள்

போன வருஷம் ரெண்டாம் டிவிஷனிலிருந்து கீழே விழாமல் மயிரிழையில் தப்பினோம். வாங்கிய கோல்களை எண்ணிச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் இந்த வருஷ லீக் தொடங்கும் முன் கூடிய கிளப் கூட்டத்தில் டிஃபென்ஸைத் தவிர வேறு பேச்சே இல்லை. செயலாளர் முருகேசன் என் மனைவியின் தம்பி. "பின்னால ஆடுத நாலு பேர்ல ஒருத்தன் வரலேன்னா அந்த எடத்துல யாரு ஆடுவா? செங்கோட்டைப் பக்கம் ரெண்டு பேரு சும்மா இருக்கானுவ. கூட்டிட்டு வருவோம்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. பதினேழு வருஷமாக நம்ம பையன்களை வைத்தே ஆடுகிற டீம். இன்றைக்கு வெளியூரிலிருந்து டிஃபென்ஸ் வந்தால் நாளைக்குக் கோச்சும் வெளியூரிலிருந்துதான் வருவான். அன்று காலைப் பயிற்சிக்கு டிஃபென்ஸ் ஆடக்கூடியவர்கள் எட்டுப் பேர் வந்திருந்ததை என் கண்ணால் எண்ணியிருந்தேன். வீராப்பாக எழுந்தேன். "நாலு இடத்துக்கு எட்டு ஆள் வச்சிருக்கேன். முதல் மேட்சுல டிஃபென்ஸுக்கு ஆள் இல்லேன்னு ஒரு நிலைமை வந்தா அன்னைக்கே கோச் பதவிய விட்டுருதேன்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதை மினிட்ஸ் நோட்டில் எழுதச் சொன்ன புத்திசாலியும் நானேதான்.

கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது முருகேசன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "அத்தான், மூணு நாளா அருவியில வெள்ளம். போலீஸ்காரங்க யாரையும் குளிக்க விடல. தடைய எடுத்தப் பொறவு ஒருக்க எண்ணிப் பாருங்க."

அருவி திறந்தது

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் டீமில் முன்னால் ஆடுகிற ஒல்லிப் பையன்களுக்கெல்லாம் பாங்க், பள்ளிக்கூடம் என்று நிழலில் உத்தியோகம். பின்னால் நிற்கத் தோதான திடகாத்திரமான ஆட்களோ சாரல் மாதங்களில் குற்றாலத்தில் இருப்பார்கள். ஒருவன் எண்ணெய் மசாஜ் செய்கிறான். ஒருவன் மங்குஸ்தான், ரம்புட்டான் பழம் விற்கிறான். இரண்டு பேர் வேன் ஓட்டுகிறார்கள். ஒருவன் லாட்ஜில் இருக்கிறான். தண்ணீர் அளவாக விழுந்தால் கூட்டம் வரும், இவர்கள் வர மாட்டார்கள். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் கூட்டம் திரும்பிப் போகும், என் டிஃபென்ஸ் முழுப் பலத்தோடு மைதானத்துக்கு வரும். தடை நாளில் ஆளை எண்ணிவிட்டுச் சவால் விட்டவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான்.

மறுநாள் தடையை எடுத்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு விசிலும் கையுமாகப் போய் நின்றேன். ஆறரை வரைக்கும் நின்றேன். மைதானத்து வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: "அண்ணாச்சி, அருவியில தண்ணி அருமையா விழுதாம். இன்னைக்கு ரெண்டு டீ போதும்லா?"

நானே எடுத்துக் கொடுத்த நகல்

குற்றாலத்தோடு சம்பந்தமில்லாத டிஃபென்ஸ்காரர்கள் மூன்றே பேர், அதில் கெட்டிக்காரன் நவாஸ். இடப்பக்கம் நிற்கும் லெஃப்ட் பேக். கூட்டத்தில் நான் மார்தட்டியதில் பாதி அவனை நம்பித்தான். ஒரு மத்தியானம் கடைக்கு வந்து பாஸ்போர்ட்டை நீட்டி, "நாலு காப்பி வேணும்ணே" என்றான். எனக்கு அவனைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. பாஸ்போர்ட்டை மிஷினில் கவிழ்த்து வைத்தபடியே, இடது பக்கம் அவன் எப்படி ஏறிப் போக வேண்டும், ஏறிப் போனால் யார் இறங்கி நிற்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தேன். அடுத்து ஒரு கடிதம் கொடுத்தான். அதையும் நகல் எடுத்தேன். போட்டோ நாலு பிரிண்ட் கேட்டான். போட்டுக் கொடுத்தேன். நடுவில் வந்த இரண்டு வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு கார்னர் வரும்போது அவன் நிற்க வேண்டிய இடத்தைக் கவரின் மேல் புள்ளி வைத்துக் காட்டினேன்.

எல்லாவற்றையும் அந்தக் கவரில் போட்டு நீட்டும்போதுதான், மேலே இருந்த தாளில் விசா என்ற சொல் கண்ணில் பட்டது. "ஏலே, இது யாருக்கு?" என்றேன். நவாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்குத்தாம்ணே. வெள்ளிக்கெழம கெளம்புதேன். வந்ததுலேர்ந்து சொல்லணும்னுதான் நிக்கேன், நீங்க என்னைய எறங்கவே விடாம ஏத்திக்கிட்டே இருந்திய."

மனுவின் பின்பக்கம்

அதற்குப் பிறகு தூக்கம் கெட்டது. கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் அதன் பின்னால் நாலு வட்டம் போட்டுப் பெயர் எழுதிப் பார்ப்பேன். மசாஜ் செய்கிற இசக்கியை நடுவில் போடுவேன். வேன்காரனை இடப்பக்கம் தள்ளுவேன். வலப்பக்க வட்டம் மட்டும் எத்தனை தடவை போட்டாலும் பெயர் இல்லாமல் நின்றது. மேலகரத்திலிருந்து ஓர் அம்மா பட்டா மாறுதல் மனுவுக்கு நகல் எடுக்க வந்தார். எடுத்து, அடுக்கி, பின் அடித்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு என் தாளைத் தேடினால் காணோம். மனுவோடு சேர்ந்து தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டது.

மறுநாள் அந்த அம்மா கடை வாசலில் வந்து நின்றார். மனு திரும்பிவிட்டது என்றால் என் தலை உருளும். அவர் சாவகாசமாகப் பையிலிருந்து என் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார். என் பேனாவில் எழுதாத ஒரு சிவப்புச் சுழி அதில் இருந்தது. "மனுவ வாங்கிக்கிட்டாவ தம்பி. இத மட்டும் அந்த சாரு உருவிக் குடுத்தாரு. வலது பக்கம் ஆளே இல்லியாம், அதச் சரி பண்ணச் சொன்னாரு."

மசாஜ் பலகையில் பேச்சுவார்த்தை

அந்த மசாஜ்கார இசக்கிதான் நடுவில் ஆடுகிற எங்கள் ஸ்டாப்பர். போனை எடுக்க மாட்டான், கையெல்லாம் எண்ணெய். நேரில் போனால் பலகையில் ஆள் இருந்துகொண்டே இருக்கும். அவனோடு பேச ஒரே வழி, நாமும் வரிசையில் உட்கார்ந்து முறை வந்ததும் குப்புறப் படுப்பது. படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மத்தியானம் வந்து ஆடிவிட்டுப் போ என்று பலகையைப் பார்த்தபடியே கெஞ்சினேன். அவன் என் முதுகில் முழங்கையை ஊன்றி, "அண்ணே, பந்து வருசம் பூரா ஆடலாம். தண்ணி ரெண்டு மாசந்தான விழுது?" என்றான். நியாயம்தான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. "அன்னைக்குன்னு பாத்து வெள்ளம் வந்து தடை போடணும்னு குற்றாலநாதரக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்டே" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். அந்த ஷெட்டில் இருந்த ஐந்து பலகைகளிலும் எண்ணெய்த் தலைகள் நிமிர்ந்தன. மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த பக்கத்துப் பலகைக்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அப்ப போன வாரம் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து ஒரு சொட்டு நனையாமத் திரும்பிப் போனோமே, அதுக்கு நீங்கதானா காரணம்?"

முதல் மேட்ச்

ஞாயிறும் வந்தது. மெல்லிய சாரல், இதமான காற்று, எல்லா அருவியிலும் அளவான தண்ணீர். ஊரே சந்தோஷமாக இருந்தது. மைதானத்தில் என் டிஃபென்ஸ் மூன்று பேர். அதிலும் ஒருவனை நடுவரிசையிலிருந்து பின்னால் இழுத்து நிறுத்தியிருந்தேன். லீக் நடத்துபவர் மேஜையில் எங்கள் பதிவுப் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார். பட்டியல் நிரம்ப வேண்டுமே என்று வருஷா வருஷம் கடைசியில் என் பெயரையும் எழுதிக் கொடுப்பது வழக்கம். "பேரு இருக்குல்லா, எறங்குங்க" என்றார். எனக்கு வயது நாற்பத்தாறு. முருகேசன் தன் பூட்ஸைக் கழற்றித் தந்தான்.

வலப்பக்கம் போய் நின்றேன். எனக்கு எதிரே ஆலங்குளத்துக் கல்லூரிப் பையன் ஒருவன். முதல் தடவை அவன் என்னைத் தாண்டியது தெரிந்தது. இரண்டாம் தடவை தாண்டிய பிறகுதான் தெரிந்தது. பதினேழு வருஷமாக நான் கோட்டுக்கு வெளியே நின்று, "விடாத! வெளிய தள்ளு! மூஞ்சியப் பாக்காத, பந்தப் பாரு!" என்று கத்தியதெல்லாம் ஞாபகம் வந்தது. பந்தையும் பார்த்தேன், மூஞ்சியையும் பார்த்தேன். இரண்டும் சீக்கிரமே முதுகாகிவிட்டன. இடைவேளைக்குள் இரண்டு கோல், இரண்டும் என் பக்கமாக. அவமானமாக இருந்தது. நான் இத்தனை வருஷம் திட்டிய பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலவும் இருந்தது. கேட்க மூச்சு இல்லை. கோல்கீப்பர் வந்து தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னான்: "பரவால்லண்ணே, அந்த வலது பக்கம் எப்பவும் ஓட்டைதான். இன்னைக்கு அதுக்கு ஒரு சட்ட போட்டு விட்ருக்கோம், அவ்வளவுதான்."

எண்ணெயோடு வந்த ஸ்டாப்பர்

இரண்டாம் பாதி தொடங்கியபோது கோட்டோரம் கூட்டம் கூடியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். வேன்காரர்கள் இரண்டு பேரும், பழக்கடைக்காரனும், லாட்ஜ்காரனும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதில் வீடியோ காலில் வளைகுடாவிலிருந்து நவாஸ். கோச் இறங்கி ஆடுகிறார் என்ற சேதி குற்றாலம் வரைக்கும் போயிருக்கிறது. போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிட்டார்கள், வேடிக்கை பார்க்க. இசக்கியும் வந்திருந்தான். சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீர். மூன்றாவது கோலும் விழுந்த பிறகு அவனுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஜெர்சியை வாங்கி மாட்டிக்கொண்டு எனக்குப் பதிலாக இறங்க வந்தான்.

ரெஃப்ரி அவன் தோளைத் தொட்டார். விரலை மோந்து பார்த்தார். எதிர் டீம் ஆள் ஒருவனும் வந்து தொட்டுப் பார்த்து, இவனைப் பிடித்தால் கை நிற்காது என்று தகராறு செய்தான். "போய்க் குளிச்சிட்டு வா" என்று ரெஃப்ரி சொல்லிவிட்டார். இசக்கி கையெடுத்துக் கும்பிட்டான்: "சார், குற்றாலத்துலயே குளிக்க எடமில்லாமத்தான் இங்கன வந்திருக்கேன்."

பதவி விலகல்

எதிர்க்கடையில் சீயக்காய் வாங்கிக் குழாயடியில் தேய்த்துக் குளித்துவிட்டு அவன் இறங்கியபோது கால் மணி நேரம்தான் மிச்சம். அந்தக் கால் மணி நேரத்தில் எங்கள் பக்கம் ஒரு பந்து நுழையவில்லை. நாங்களும் ஒன்று போட்டோம். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். எல்லோரும் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது முருகேசனிடம் போனேன். சவால் விட்டது நான், எழுத வைத்ததும் நான். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினேன். ஜெராக்ஸ் கடையில் என்னை யாரும் கோச் என்று கூப்பிடுவதில்லை. இந்த மைதானத்தில்தான் கூப்பிடுவார்கள். இனி அதுவும் இல்லை. "சொன்ன சொல்லு சொல்லுதான் மாப்ள. வெளியூர் ஆள் யாரையாவது கோச்சாப் போட்டுக்கோ" என்றேன்.

வேண்டாம் அத்தான் என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் விசிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். கோட்டோரம் நின்று இன்னும் சிரித்துக்கொண்டிருந்த என் டிஃபென்ஸைத் தலையை எண்ணிப் பார்த்தான். பிறகு என் தோளில் கை போட்டான். "கோச்சு பதவிய விடுதியளா, தாராளமா விடுங்க. ரைட் பேக்க மட்டும் விட்டுராதிய அத்தான். நீங்க ஆடுதியன்னு தெரிஞ்சாத்தான் மத்தவனெல்லாம் தொழில விட்டுட்டு கிரவுண்டுக்கு வாரான்."

ஒரு டீமில் டிஃபென்ஸுக்கு ஆள் போதுமா என்று தெரிய வேண்டுமானால், அதன் கோச்சுக்கு ஜெர்சி தைக்க அளவு எடுக்கிறார்களா என்று பாருங்கள். எனக்கு நேற்று எடுத்துவிட்டார்கள், இடுப்புக்கு மட்டும் இரண்டு தடவை.