குதிரைகளைப் பின்னுக்கு எடுத்த கிழமை

எனக்கென்று பேசி வைத்திருந்த மாப்பிள்ளை கனடாவிலிருந்து முதன்முதலாக அனுப்பியது ஒரு கொம்பியூட்டர் விளையாட்டு. விடுமுறைக்கு ஊர் வந்த யாரோ ஒருவரின் பெட்டிக்குள், சொக்லேற்றுக்கும் ஷாம்பூ போத்தல்களுக்கும் நடுவே அந்த இறுவட்டு வந்து சேர்ந்தது. சொக்லேற்றை அயலுக்குப் பங்கிட்ட அம்மா, இறுவட்டை என்ன செய்வதென்று தெரியாமல் சாமியறையில் கொண்டுபோய் வைத்தார். மாப்பிள்ளை வீட்டுச் சாமான் எதுவாக இருந்தாலும் கொஞ்ச நாள் சாமியறையில் இருந்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் புழக்கத்துக்கு வரும்.

அது சமாதானக் காலம். பாதை திறந்து, வெளிநாட்டுக்காரர் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் இடம்பெயர்ந்து அலைந்து எங்கள் வேலணைத் தீவுக்குத் திரும்பி, இருந்த சுவர்களுக்கு மேல் புதுக்கூரை போட்டுக்கொண்டு இருந்தோம். அம்மா, அண்ணை, நான். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. செவ்வாய் ஒரு பக்கம், அகதியாகத் திரிந்த வருடங்கள் மறுபக்கம் என்று வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போன பிறகு, இறுப்பிட்டியிலிருந்து ஒரு மாமி தன் தங்கச்சியின் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார். சாதகம் பொருந்தியது. அடுத்த வருடம் அவர் வந்து தாலி கட்டிக் கூட்டிப்போவதாகப் பேச்சு. நான் போனால் எனக்குப் பின்னால் அண்ணையும் எப்படியாவது போய்விடலாம் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

தொலைபேசியில் கதைப்பதென்றால் சந்திக் கடைக்குப் போகவேண்டும். கடைக்காரர் றேடியோவைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டி வைத்துக்கொள்வார். அங்கே நின்று ‘ஓம்’, ‘இல்லை’, ‘சாப்பிட்டனான்’ என்பதற்கு மேல் என்னத்தைக் கதைப்பது? ஒருநாள் தொலைபேசியில் மாப்பிள்ளை, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். கணினி நிலையத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன் என்றேன். அப்படியென்றால் ஒரு விளையாட்டு அனுப்புகிறேன், இரண்டு பேரும் விளையாடலாம், இப்படிக் கதைப்பதை விட அது சுகம் என்றார். அவரிடம் எனக்குப் பிடித்துப்போன முதல் விஷயம் அதுதான். பிறகு யோசித்துப் பார்த்தால், கடைசி விஷயமும் அதுதான்.

ஆளுக்கொரு இனத்தைத் தெரிந்து, ஊர்களை அமைத்து, படை கட்டி, மற்றவரின் தலைநகரத்தைப் பிடிக்கவேண்டும். தலைநகரம் போனால் ஆட்டம் முடிந்தது என்று தொடக்கத்திலேயே அவர் விதி வைத்துவிட்டார். ஒருவர் தன் முறையை ஆடி அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால்தான் மற்றவர் ஆடலாம். அவருக்கு வீட்டிலேயே இன்ரநெற் இருந்தது. எனக்கென்றால் யாழ்ப்பாணம் ரவுணில் இருக்கிற இன்ரநெற் கடைதான். சனிக்கிழமையில் கோப்பை பிளொப்பி ஒன்றில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறுவேன். அவர் அனுப்பியதை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். வழியில் சோதனைச் சென்றியில் ஒருநாள் கடற்படைப் பெடியன் ஒருவன் பிளொப்பியை வெயிலுக்குப் பிடித்து, இதற்குள் என்ன என்று கேட்டான். குதிரை என்று சிங்களத்தில் சொன்னேன். எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான் என்று நினைத்திருப்பான், சிரித்துவிட்டுத் தந்தான்.

மதில் கட்டுகிற, பள்ளிக்கூடம் கட்டுகிற இனத்தை அவர் எடுத்துக்கொண்டு எனக்குக் குதிரைக்காரரைத் தந்தார். அவர்களிடம் மதில் இல்லை, படிப்பு இல்லை, குதிரை மட்டும்தான், பழகுகிற ஆளுக்கு லேசு என்று எழுதியிருந்தார். கீழே ஒரு பகிடியும் இருந்தது. தீவாருக்குக் குதிரை பொருத்தம்தானே, நெடுந்தீவில் நிற்கிறதே என்று. சின்ன வயதில் நாட்டை விட்டுப் போன மனிதர், நெடுந்தீவுக் குதிரையைப் படத்தில்தான் கண்டிருப்பார். நான் ஒருமுறை நேரில் கண்டிருக்கிறேன். எவனோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவற்றின் மிச்சம். ஏறுவதற்கு ஆளில்லை, கோடையில் தண்ணீருக்கு அலைந்து விலா தெரிய நிற்கும். ஆனாலும் அந்தப் பகிடிக்குச் சிரித்துத்தான் பதில் எழுதினேன். அவருக்காகச் சிரிக்கிற பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

குதிரைக்காரரைப் பற்றி அவர் நினைத்திருந்தது முழுப் பிழை. முதல் சண்டைகளில் நானும் அவர்களை ஓரிடத்தில் நிறுத்தி வைத்துச் சாகக் கொடுத்தேன். பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. குதிரை நிற்கப் பிறந்த படை அல்ல. வந்து, அம்பு விட்டு, எதிரி திரும்புவதற்குள் விலகிவிட வேண்டும். மதில் எழும்பிய ஊருக்குக் கிட்டப் போகக்கூடாது. மதில் எழும்புவதற்கு முதல் போய்விட வேண்டும். காயப்பட்ட குதிரையைப் புல்வெளிக்கு அனுப்பி ஆறவிட்டால், அடுத்த சண்டைக்கு அது இரண்டு மடங்கு பலத்தோடு வரும். பிள்ளைகள் போன பிறகு நிலையத்தில் தனியே இருந்து, கரண்ட் நிற்பதற்குள் அடுத்த முறையை ஆடி முடிப்பேன். கொப்பிகள் திருத்தும்போதும், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போதும் மனம் அந்த வரைபடத்திலேயே நிற்கும். இவ்வளவு காலமும் மற்றவர்கள் துரத்த ஓடினவள் நான். முதன்முதலாக நான் துரத்தினேன். அந்த ருசியை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அவருடைய ஊர்கள் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தன. முதல் ஊர் விழுந்தபோது, நீர் கெட்டிக்காரி என்று எழுதினார். இரண்டாவது விழுந்தபோது, வேலைக் களைப்பில் கவனிக்காமல் விட்டதாக எழுதினார். அதன் பிறகு கோப்பு மட்டும்தான் வந்தது, ஒரு சொல்லும் கூட வரவில்லை. கடைக்கு எடுக்கிற தொலைபேசி அழைப்பும் குறைந்தது. கடைசியில் அவருக்குத் தலைநகரமும் கரையோரத்தில் ஒரு சின்ன ஊரும்தான் மிஞ்சின. தலைநகரத்துக்கு இன்னும் மதில் இல்லை. என் குதிரைகள் மூன்று பக்கமும் சுற்றி நின்றன. இன்னும் ஒரே ஒரு முறை ஆட வேண்டியிருந்தது.

அந்தக் கிழமை இறுப்பிட்டி மாமி பஸ் பிடித்து வந்தார். கையில் ஒரு பை நிறையப் பனங்கிழங்கு ஒடியல். வந்து கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, ஊர்ப் புதினமெல்லாம் சொல்லி முடித்து, எழும்பப் போகும்போது மெல்லத் தொடங்கினார். பெடியன் கொஞ்ச நாளாக முகம் கொடுத்துக் கதைக்கிறானில்லை என்று தாய் கனடாவிலிருந்து எடுத்துச் சொன்னாளாம். என்னவென்று துருவிக் கேட்டால், அந்தப் பிள்ளை என்னை விடுகிறாளில்லை என்று மட்டும் சொன்னானாம்.

“பிள்ளை, ஆம்பிளையள் உப்பிடித்தான். நீர்தான் கொஞ்சம் விட்டுக்குடுக்க வேணும். எங்கட பெண்டுகள் செய்யாததே?” என்றார்.

கனடாவிலிருந்து இறுப்பிட்டிக்கும் இறுப்பிட்டியிலிருந்து வேலணைக்கும் வந்து, என் குதிரைகள் குடும்ப விஷயமாகிவிட்டன. அன்றைக்குப் பின்னேரமே அம்மா தொடங்கினார். கலியாணத்துக்கு முதலே புருஷனை முறித்து இருத்துகிறவளை எந்தக் குடும்பம் எடுக்கும் என்று கேட்டார். இதற்கு முதல் வந்த சம்பந்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எதனால் குழம்பியது என்று சொன்னார். நான் இது வெறும் விளையாட்டு என்றேன். வெறும் விளையாட்டென்றால் தோற்பதற்கு என்ன கஷ்டம் என்று அம்மா கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சாட்டிக் கடற்கரைக்குப் போனார். அவர் என்னை அப்படிக் கூட்டிப்போனது அதுதான் முதல் தரம். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ரவுணிலிருந்து வந்த சனம் குளித்துக்கொண்டிருந்தது. அண்ணை மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதரல்ல. எங்களுக்காகப் புகையிலைத் தோட்டத்தில் முதுகு முறிந்தவர்.

“நீ வெண்டு என்னத்தைக் காணப்போறாய்?” என்று கேட்டார். “அங்க போய்ச் சேர். பிறகு நாள் முழுக்க அவரை வெல்லு. ஆர் உன்னைக் கேக்கப்போகினம்?”

நான் ஓம் என்றேன்.

அடுத்த நாள் நிலையத்தில் இருந்து, தலைநகரத்தைச் சுற்றி நின்ற குதிரைகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்தேன். ஒரு குதிரையை எடுத்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் வைக்கப் பார்த்தேன். ஆட்டம் விடவில்லை, அந்த முறைக்குரிய நகர்வு முடிந்துவிட்டது என்றது. கோப்பை அனுப்பும்போது, சுகமாக இருக்கிறீங்களா, குளிர் கூடவா என்று இரண்டு வரியும் எழுதினேன். பதில் அடுத்த சனிக்கிழமையே வந்தது. குளிர்தான், ஆனால் பழகிவிட்டது என்று எழுதியிருந்தார். தலைநகரத்துக்கு மதில் எழும்பியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை. வெல்ல வேண்டிய ஆட்டத்தில் தோற்பது வெல்லுவதை விடக் கடும் வேலை. என் குதிரைகளை நானே கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தில், அவருடைய ஈட்டிக்காரருக்கு முன்னால் நிறுத்தினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் திறக்கிற கோப்பில் அவற்றில் சில இருக்காது. எந்தச் சண்டையில் எது காயப்பட்டது, எதை எங்கே ஆறவிட்டு எடுத்தேன் என்று எனக்குத் தெரியும். நான் பிடித்த ஊர்களை அவர் திருப்பிப் பிடித்தார். அது என்னுடைய ஊர் என்று ஒரு தரம் எழுதினார், பின்னால் ஒரு சிரிப்பு அடையாளத்தோடு. கடையில் தொலைபேசி திரும்பவும் அடித்தது. நீர் எந்த நிறம் விரும்புகிறீர், குளிர்ச்சட்டை வாங்க வேண்டும் என்று கேட்டார். வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அம்மா பிள்ளையார் கோவிலில் நேர்த்தி வைத்தார். என்னுடைய தலைநகரம் விழுந்த கிழமை அண்ணை ஆட்டிறைச்சி வாங்கிவந்தார். நானும் சாப்பிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் மின்னஞ்சல் நின்றது. அடுத்ததாக இன்னொரு ஆட்டம் தொடங்குவோமா என்று நான் எழுதியதற்குப் பதில் இல்லை. தொலைபேசியும் நின்றது. அம்மா கனடாவில் வேலை கூடவாக்கும் என்றார். பிறகு, குளிர் காலத்தில் அப்படித்தானாம் என்றார். இரண்டு மாதம் போல அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு மாமி வந்தார். இந்தத் தரம் ஒடியல் கொண்டுவரவில்லை. அதே கதிரையில் இருந்தார், தேத்தண்ணி வேண்டாமென்றார். பெடியனுக்கு இது சரிவராது போலக் கிடக்காம், குறை நினைக்க வேண்டாமாம் என்றார். சாதகத்தில் ஏதும் குறையா என்று அண்ணைதான் கேட்டார். மாமி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்.

“பிள்ளையில ஒரு குறையும் இல்லையாம், தம்பி. குணம் தங்கமாம். ஆனா தனிய நிண்டு ஒரு முடிவெடுக்கத் தெரியாதாம். கையுக்கை வந்ததை விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டதாம். அங்கத்தைய சீவியத்துக்கு உப்பிடி ஆள் ஏலாது எண்டுறான்.”

வீட்டில் பெரியவர்கள் கதைக்கும்போது நான் வாய் திறக்கிறவளல்ல. அன்றைக்குத் திறந்தேன்.

“மாமி, விட்டுக்குடுக்கச் சொல்லி நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

அவர் கொஞ்சமும் முகம் மாறவில்லை. “நான் சொன்னனான்தான். அதுக்காக முழுக்கவே விடச் சொன்னனானே?” என்றார்.

அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. அண்ணை எழும்பி மாமியைப் பஸ்ஸுக்கு ஏற்றிவிடப் போனார். திரும்பி வந்து, சாட்டியில் கதைத்ததைப் பற்றி ஒரு சொல் சொல்வார் என்று பார்த்தேன். அவர் நேரே தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் இராச் சாப்பாடு போடும்போது, இனி வருகிற இடத்திலாவது உந்த விளையாட்டுக் கதையை எடுக்காதே என்றார். எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். அவர்கள் மூன்று பேரிலும் எனக்கு ஒரே அளவு கோபம்தான், ஆனால் கோப்பைதான் அகப்பட்டது.

அடுத்த நாள் நிலையத்தில் பிள்ளைகளை நேரத்துக்கு முதலே அனுப்பினேன். நான் அனுப்பிய, அவர் அனுப்பிய எல்லாக் கோப்பும் கொம்பியூட்டரில் கிடந்தன. குதிரைகளைப் பின்னுக்கு எடுப்பதற்கு முந்திய கோப்பைத் திறந்தேன். மூன்று பக்கமும் என் குதிரைகள். மதில் இல்லாத தலைநகரம். முதல் மூன்று குதிரைகள் அம்பு விட்டுவிட்டு விலகின. நான்காவது குதிரை ஊருக்குள் போனது. அவ்வளவுதான். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எக்காளம் ஊதி, வென்றுவிட்டாய் என்று திரையில் எழுத்து வந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன்.

சனிக்கிழமை அந்தக் கோப்பை ரவுணுக்குக் கொண்டுபோய் அவருக்கு அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. அவருக்குத் தெரியட்டும் என்று மட்டும் நினைத்தேன். எனக்கு முடியும், எனக்கு எப்போதோ முடிந்திருந்தது என்று தெரியட்டும்.

பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்திருந்தது. ஒரே ஒரு வரி, தமிழை இங்கிலிஷ் எழுத்தில் எழுதியிருந்தார்.

“இதை அண்டைக்கே செய்திருக்கலாமே?”

அவர் எனக்குச் சொன்னவற்றில் உண்மையான சொல் அது ஒன்றுதான். திரும்பி வரும் பஸ்ஸில் பண்ணைப் பாலம் முழுக்க அதற்கு ஒரு பதில் தேடினேன். மாமி, அம்மா, அண்ணை என்று ஒவ்வொருவராக எடுத்து எழுதிப் பார்த்தேன். குதிரைகளைப் பின்னுக்கு எடுத்த கை மட்டும் என்னுடையதாகவே இருந்தது. பஸ் வேலணைக்கு வந்து நின்றபோது, எழுத எதுவும் இல்லாமல் இறங்கினேன்.