நான் வழி தவறவில்லை

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நான் மூத்தவனோடு அன்புவழிபுரத்தில் இருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதால் எழுத எனக்கு நேரம் எடுக்கும். ஆனாலும் இதை நானே எழுத வேண்டும். மார்கழியில் அருவி பார்க்கப் போன அன்று நான் காட்டில் வழி தவறிவிட்டேன் என்று இந்த வீட்டில் ஒரு கதை ஓடுகிறது. அந்தக் கதையால் இப்போது கோயிலுக்குக்கூட என்னைத் தனியே விடுகிறார்களில்லை.

எங்கள் பக்கத்தில் பெரிய அருவிகள் இல்லை. புல்மோட்டை வீதியால் போய் இடப்பக்கம் காட்டுக்குள் திரும்பினால் ஒரு கரும்பாறை இருக்கிறது. மாரி மழை நன்றாகப் பெய்தால் அதிலிருந்து சில நாட்கள் தண்ணீர் விழும். வெயில் வந்தால் வெறும் பாறைதான். நாற்பது வருடமாகக் கேள்விப்பட்டதோடு சரி. முதலில் பிள்ளைகள் சின்னனாக இருந்தார்கள், பிறகு நாட்டில் சண்டை, பிறகு கூட்டிப் போக ஆளில்லை. இந்த வருடம் மகன் வாடகைக்கு வான் பிடித்தபோது என்னையும் ஏற்றினான். மருமகளும் பேத்தியும் வந்தார்கள். நான் நல்ல சேலை உடுத்தேன்.

காட்டு வாசலில் ஒரு பிள்ளையார் கல் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் ஆளுக்கொரு இலைக்குழை முறித்து அந்தக் கல்லில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். நான் வானிலிருந்து காலை நீட்டுவதற்குள் மருமகள் நான்கு குழைகளை வைத்துவிட்டு வந்து கதவைப் பிடித்தாள்.

"உங்களுக்கும் சேத்து வைச்சிட்டன் மாமி. நீங்க வானுக்குள்ளயே இருங்கோ."

"கல்லெல்லாம் பாசி அம்மா," என்றான் மகன். "விழுந்து இடுப்பு முறிஞ்சா ஆர் பாக்கிறது? உங்களுக்கு ஏலாது."

"விழுந்தா எழும்புவன். உன்னை நடக்கப் பழக்கினது ஆர்?"

பேத்தி எட்டிப் பார்த்தாள். "அப்பம்மா, யானை வந்தா ஓடுவீங்களோ?"

"நீ ஓடு. நான் கதைச்சு அனுப்பிவிடுறன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

என் மடியில் தேத்தண்ணி பிளாஸ்க்கும் ரோல்ஸ் பொட்டலமும் இருந்தன. சாரதி இருக்கையைச் சாய்த்துக் குறட்டை விடத் தொடங்கினார். தூரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வீட்டிலும் எனக்கு இப்படித்தான். ஹோலில் கதைக்கிற சத்தம் என் அறைக்கு வரும், சொல் வராது.

இறங்கினேன். மருமகள் எனக்கென்று வைத்த குழை எதுவென்று தெரியவில்லை. எனக்கு நானே ஒன்று முறித்து மேலே வைத்தேன். செருப்பைக் கையில் எடுத்து, குடையை ஊன்றிக்கொண்டு நடந்தேன்.

பாதை இரண்டாகப் பிரிந்தது. அவர்களுடைய காலடிகள் மேட்டுப் பாதையால் பாறை உச்சிக்குப் போயிருந்தன. ஏறுவது எனக்குக் கஷ்டம். தண்ணீர்ச் சத்தம் ஓடைப்பக்கம் கேட்டபடியால் ஓடைக்கரையால் போனேன். பழைய யானை லத்தியில் சின்னச் சின்னக் காளான்கள் முளைத்திருந்தன. இரண்டு இடத்தில் குந்தியிருந்து களையாறிப் போனேன். ஓரிடத்திலும் வழுக்கவில்லை.

அருவி ஒரு பனை உயரம் இருக்கும். தண்ணீர் பால் விடாத சாயத் தேத்தண்ணி நிறம். கிட்டப் போக முதலே முகத்தில் குளிரத் தெறித்தது. நேரே மேலே, உச்சியில், மூவரும் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைக் காட்டினேன். அந்த இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. ஒருவரும் கீழே பார்க்கவில்லை. முகம் கழுவினேன். இரண்டு கை அள்ளிக் குடித்தேன். "பாத்திட்டன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க ஆள் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது மகன் கத்திக்கொண்டு எதிரே வந்தான். அவர்கள் மேட்டுப் பாதையால் இறங்கி, வெறும் வானைக் கண்டு பதறியிருக்கிறார்கள். கல்லில் நான்கு குழை ஐந்தாகியிருந்ததைப் பார்த்திருந்தால் நான் எங்கே போனேன் என்று தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

"எங்கயம்மா துலைஞ்சு போனீங்கள்?"

"துலையேல்லை. அருவி பாத்திட்டு வாறன்."

"வழி மாறிப் போட்டீங்கள், என்ன?"

"போன வழியாலதான் வாறன்."

அவன் காதில் விழவில்லை. கண் கலங்கியிருந்தது, அதனால் நான் ஏசவில்லை. ஏசியிருக்க வேண்டும். வானுக்குள் ஏறியதும் மற்ற நான்கு பேருக்கும் போன் எடுத்து, "அம்மா காட்டுக்குள்ள வழி தவறிட்டா" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து, தனிய வெளிக்கிடாதேங்கோ என்கிறார்கள். வாசல் கேற்றுக்குப் பூட்டு வந்துவிட்டது. தண்ணீர் எப்படி இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பிள்ளை, இதை ஒருக்கால் எனக்கு வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்து, நடந்ததை மாற்றாதே. உன் அப்பா ஹோலில் கதிரையில் இருக்கிறார். கதவைத் திறந்து வைத்து, அவருக்குக் கேட்கிற மாதிரி வாசி.